நிஜ மெயிலர்

'நிஜ மெயிலர்: எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பியாச்சு' என்று திரையில் வந்ததும் நிரல் எழுதும் ஒருவரியின் உயிர் தொண்டைக்குழிக்கு ஏறி, அங்கேயே குடித்தனம் தொடங்கியது.

எந்த நிரலையும் ஒரே வரியில் எழுதி முடிப்பதால் அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் ஒருவரி. சோதனைக்காக அவன் அடித்திருந்த வாசகமும் ஒரே வரிதான்: 'எங்கள் மேலாளர் ஒரு காலி டப்பா.' அந்த மேலாளர்தான் அன்று மாலை அவன் வேலை நிரந்தரமா இல்லையா என்று சொல்லப்போகிறவர்.

இணையதளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டிய துணை நிரலை, மெயில் அனுப்ப ஒரு மெயிலரை என்பதுபோல, ஃப்ரேம்வொர்க் என்ற அடித்தள மென்பொருளே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடும். யாரைக் கொடுப்பது என்று கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். மற்றவர்கள் பெயரை எழுதுவார்கள். ஒருவரியோ எக்ஸ்பிரஷன் என்ற நிபந்தனைக் கோவை எழுதினான்: சோதனையா, டம்மி மெயிலரைக் கொடு, இல்லையா, நிஜ மெயிலரைக் கொடு. டம்மி எதை வாங்கினாலும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

"தம்பி, அந்த நிஜ மெயிலர் இருக்கே..." என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து சோதனைப் பிரிவு அக்கா.

"அக்கா, உங்களைக் கும்பிடறேன், இப்ப பேசாதீங்க. தலை போற விஷயம்."

"சரிப்பா. உன் தலை."

எக்ஸ்பிரஷன் தலைகீழாக இருந்தது. புரட்டிப் போட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் அனுப்பினான். அதை டம்மி விழுங்கியது. 'அல்லது' ஒன்றைச் செருகினான். நிஜ மெயிலர் வந்தது. ஆனால் பதற்றத்தில் பழைய வாசகத்தையே அமுக்கியிருந்தான். காலி டப்பா இரண்டாம் முறை ஊர்வலம் கிளம்பியதாகத் திரை சொன்னது. அடைப்புக்குறி போட்டான். இப்போது யார் இணையதளப் பக்கத்தைத் திறந்தாலும் 'அனுப்பியாச்சு' என்றது. வியர்வையில் விசைப்பலகை மிதக்காததுதான் பாக்கி.

கண்ணாடி அறைக்குள் மேலாளர், புது வாடிக்கையாளருக்கு அதே பக்கத்தைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூட போன் பண்ணித் திட்டலையே அக்கா."

"அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்."

"அவ்வளவு கோபம். திட்டக்கூடப் பிடிக்கலை போல."

பிறர் வாயால் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று எழுந்தான். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"சார், உங்களைக் காலி டப்பான்னு எழுதினது நான்தான்."

மேலாளர் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார். "எங்கே எழுதினே?"

"எல்லா வாடிக்கையாளருக்கும் மெயில் போயிடுச்சு சார். இப்ப நீங்க அமுக்கினப்பகூட ஒண்ணு போச்சு."

புது வாடிக்கையாளர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

வாசலில் நின்று மூச்சு வாங்கிய அக்கா சொன்னாள்: "சார், யாருக்கும் எதுவும் போகலை. நிஜ மெயிலருக்குள்ள 'அனுப்பியாச்சு'ன்னு சொல்ற ஒரே ஒரு வரிதான் இருக்கு. மிச்சம் இன்னும் எழுதலை. அதை எழுதச் சொல்லி நீங்க தம்பிகிட்டதான் கொடுத்திருந்தீங்க."