நெஞ்சு அதிரணும்

"இதுல பேஸ் எங்கம்மா?" என்று கேட்டார் மேனேஜர்.

'டும் டும்' என்று அதிரும் அந்த பேஸ் சத்தம் பின்பக்கம் ஒளிந்திருக்கிறதோ என்று, அந்த உள்ளங்கை அளவு ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளியின் மச்சான் என்பதைத் தவிர அந்த நாற்காலிக்கு அவரிடம் வேறு தகுதி கிடையாது. காதுகூடச் சுமார்தான்.

"சின்னக் கூம்பு சார், காத்தை ரொம்பத் தள்ளாது. ஆனா பேச்சு கணீர்னு கேக்கும்," என்றாள் அதைச் செய்த டிசைனர்.

"பேச்சு யாருக்கு வேணும்? நெஞ்சு அதிரணும். நாளைக்குப் பெரிய கம்பெனியிலேர்ந்து வர்றாங்க."

"அவங்களுக்கு எதுக்காம் சார்?"

"எதுக்கா இருந்தா உனக்கென்ன? ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் போச்சு."

இந்த வேலையை நம்பித்தான் அண்ணன் வீட்டை விட்டு வந்திருந்தாள். பெட்டியோடு திரும்பிப் போய் நின்றால் அண்ணி வாயே திறக்க மாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள், அதுவே போதும்.

கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தன் பேச்சு கேட்கவில்லை என்று வாட்ச்மேன் வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அந்தச் சின்ன ஸ்பீக்கரை அவர் தலையில் கட்டினார்.

டிசைனர் புதிதாக ஒன்று செய்தாள். கூம்பின் எடையைக் கூட்டினாள். 'டும்' வந்தது, சத்தம் செத்துவிட்டது.

"என்னம்மா, இதுக்கு ஜுரமா?"

"காந்தம் பெரிசாகணும் சார்."

"ஆக்கு."

ஆக்கினாள். பெட்டியின் பின்மூடி மூட மறுத்தது. மேனேஜர் அதை டேப் போட்டு ஒட்டினார். கூம்பு தாராளமாக ஆட வேண்டும், விளிம்பு ரப்பரைத் தளர்த்து என்றார். தளர்த்தியதும் உள்ளே இருந்த கம்பிச்சுருள் காந்தத்தில் உரசிக் கரகரத்தது.

"கரகரன்னுது சார்."

"அதுதாம்மா பேஸ்."

மறுநாள் அந்தக் கம்பெனி அம்மா வந்து உட்கார்ந்தார். மேனேஜர் டிரம்ஸ் இசையைப் போட்டு முழுச் சத்தம் வைத்தார். ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டே மேஜை மேல் நகர்ந்து, விளிம்பு வரை போய்த் தரையில் விழுந்தது. டேப் பிய்ந்து மூடி தனியாக உருண்டது.

"பாத்தீங்களா, என்ன பவர்," என்றார் மேனேஜர், கூச்சமே இல்லாமல்.

டிசைனருக்கு அண்ணியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இது வேணாம் சார். எங்க லிஃப்ட்ல 'கதவு மூடுது'ன்னு தெளிவா சொன்னாப் போதும். கேட்ல உங்க வாட்ச்மேன் பேசினாரே, அந்த ஸ்பீக்கரைச் செஞ்சவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க."