முள்ளெலி மேஸ்திரியின் நாலு தூண்கள்

பாபநாசம் துபாய் வீட்டுக்காரரே, உங்கள் வீட்டுத் தூண்களை வரைந்தது துபாய் இன்ஜினியர் என்று போன வாரம் இதே பத்திரிகையில் சொல்லியிருக்கிறீர்கள். பொய். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் நான்.

அந்தத் தூண்களைச் செய்தவர் நாகப்பட்டினத்துச் சவரிமுத்து, ஊர் வாயில் முள்ளெலி மேஸ்திரி. தஞ்சாவூர் ஜில்லாவில் அவரைவிடப் பிடிவாதக்காரன் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் இவரோடு சண்டை போட்டே செத்திருப்பான்.

தொண்ணூறுகளில் துபாய் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் வாசலில் தூண் வேண்டும். தூணின் தலையில், மேல் பலகைக்குக் கீழே, ஒரு புடைப்பு வரும். அந்த வளைவுக்கு மேஸ்திரி வைத்திருந்த அளவு, கடற்கரையில் பொறுக்கிய கடல் முள்ளெலி ஓடு. முள்ளெல்லாம் உதிர்ந்த உருண்டை ஓடு. டிபன் பாக்ஸில் பஞ்சு சுற்றி அதைத்தான் வைத்திருப்பார். சோறு தினசரித் தாளில் வரும்.

"என்ன மேஸ்திரி, தூணுக்குக் கழுத்து வீங்கியிருக்கு?" என்று கேட்டீர்கள்.

"சொமக்கிறவனுக்குத் தோள் பொடைக்கும்ங்க. உங்க தோளைப் பாத்தா தெரியாது. மூட்டை தூக்குறவன் தோளைப் பாருங்க."

துபாயிலிருந்து கொண்டுவந்த படப் புத்தகத்தைக் கோபத்தோடு புரட்டினீர்கள். கிரேக்கத் தூணின் அந்தப் புடைப்புக்கும் கடல் முள்ளெலிக்கும் ஒரே பெயர், எக்கினஸ், என்று அதில் போட்டிருந்தது. நீங்கள் வாயைப் பிளந்தீர்கள். மேஸ்திரி அசரவில்லை.

"அவனும் நாகப்பட்டினம் வந்திருப்பான்ங்க."

கிரகப்பிரவேசத்தன்று காலை, கையில் ஓடு பிடித்து எட்ட நின்று பார்த்தார். நாலாவது தூணின் புடைப்பு ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், தட்டை. ஏணி போட்டு ஏறிக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

"யோவ், பால் காய்ச்சணும், எறங்கும்யா!" என்று ஐயர் கத்தினார்.

"நேத்துப் பூசுனது சாமி, நாளைக்கு இறுகிரும். பாலு எப்ப வேணாலும் பொங்கும்!"

கேசரியில் சிமெண்ட் விழுந்தது. நானும் சாப்பிட்டேன். பல் இன்னும் கெட்டியாக இருக்கிறது. நீங்கள் போட்ட கூச்சலுக்கு நடுவே பூசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார். மடியில் இந்தப் பத்திரிகை. அவருக்கு எழுத்துத் தெரியாது.

"நம்ம தூணு படம் வந்திருக்காம்ல? எம் பேரு எங்கன போட்ருக்கு? படிங்க."

"இதோ. 'தூண் வேலை: சவரிமுத்து மேஸ்திரி.'"

நான் விரல் வைத்துக் காட்டியது சோபா விளம்பரம். அதையே தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இதே பக்கத்தில் பதில் சொல்லுங்கள்: அந்த நாலு தூணையும் செய்தது யார்? பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். அவர் தடவிப் பார்ப்பார்.