ஆனேக்கல் பந்தலில் உட்கார்ந்திருக்கும் மச்சானுக்கு

ஓசூர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜெபமணி அவர்களுக்கு, அருள்ஜோசப் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் ஆண்டவர் தயவில் சுகம். அங்கே நீங்கள் சுகமாக உட்கார்ந்திருந்தது போதும், கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

நம்ம பையன் ரோஹனுக்கு இங்கே சிப்காட்டில் வேலை கிடைக்கவில்லை, வெளிமாநிலத்துப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக உள்ளே போகிறார்கள் என்று வயிறெரிந்துதான், 'உள்ளூர்க்காரனுக்கே வேலை என்று சட்டம் போடு' எனக் கம்பெனி கேட் எதிரே பந்தல் போட்டோம். நீங்களே போனில், "நியாயமான கோரிக்கை மாப்ளே" என்றீர்கள். பந்தல் கட்ட வந்தவன் ஒடிசாக்காரன். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. அது போகட்டும். முதல் நாளே தலைவர் திம்மப்பன் மைக்கைப் பிடித்து, "யாரு லோக்கல்னு மொதல்ல முடிவு பண்ணிக்கலாம்பா" என்றார். பேரிகை லோக்கல், தேன்கனிக்கோட்டை லோக்கல் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்று, "ஜோசப்பு, நீ காவேரிப்பட்டினம் இல்ல? அவ்ளோ தூரத்து ஆள எப்பிடிச் சேத்துக்கறது?" என்று கேட்டாரே பார்க்கலாம்! இதே மாவட்டத்தில் பிறந்து, பாதி வாழ்க்கையை இந்த ஊரில் கழித்தவனைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தது அந்த ஒடிசாக்காரன் மட்டும்தான்.

இந்த அவமானத்துக்கு நடுவில், எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் உங்கள் ஆனேக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் ரோஹனுக்கு வேலை உறுதியாகி, சேரப் போனால் அங்கேயும் கேட்டில் பந்தல். அதே கோரிக்கை. முன்வரிசையில் தோளில் துண்டோடு நீங்கள்! "மாமா, நான்தான்" என்ற பையனிடம், "ரூல்ஸ் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்டா, ஊருக்குப் போ" என்றீர்களாமே? அவன் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். எனக்கு மனசே ஆறவில்லை. தேன்கனிக்கோட்டையில் பிறந்து ஆனேக்கல்லில் வீடு கட்டிய நீங்கள் இரண்டு பந்தலிலும் லோக்கல். நான் ஒன்றிலும் இல்லை. ஓசூரில் நாங்கள் கேட்டால் அது உரிமை. அங்கே நீங்கள் கேட்டால் அது அக்கிரமம். இந்தச் சின்ன வித்தியாசம் கூடவா உங்களுக்குப் புரியவில்லை?

பந்தலை நீங்களே பிரித்துவிட ஆண்டவர் நல்ல புத்தி தரட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்.

இப்படிக்கு,
எந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாத மாப்பிள்ளை,
அருள்ஜோசப்

பின்குறிப்பு: மேற்கண்ட கோபம் முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். ரோஹனுக்கு ஒடிசாவில் வேலை கிடைத்துவிட்டது, நாளை ரயில். யாரும் எங்கேயும் போய் வேலை செய்யலாம் என்பதுதான் இனி என் கொள்கை. அங்கேயும் கேட்டில் பந்தல் போட்டிருப்பார்களோ என்று பயந்து நம்ம பந்தல்காரனைக் கேட்டேன். "பயம் வேணாம் சார், பந்தல் போடுற ஆள் எல்லாம் இங்க வந்துட்டோம்" என்கிறான்.