ஜெரோஷனுக்குப் பிடிக்காத நிறங்கள்

நீலம் வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

அழகுமுத்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் படியில் குந்தியபடி, கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் அடித்த பெயின்ட். கடல் நீலம் என்று டின்னில் எழுதியிருந்தது. இப்போது அதன்மேல் பால் சிந்தினாற்போல ஒரு படலம். தேயிலை மலையிலிருந்து இறங்கிவந்த மூடுபனி, யாரும் கேட்காமலேயே தன் பங்குக்கு ஒரு கோட் அடித்துவிட்டுப் போயிருந்தது.

கொழும்புப் பக்கம் வத்தளையில் இருபத்திரண்டு வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர் அவர். அங்கே வெயில் இருந்தது. அடித்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். இங்கே திம்புள்ளையில், காலையில் துவைத்த சட்டையே மூன்றாம் நாள்தான் காய்கிறது.

ஃபோன் அடித்தது. அந்த ஃபோனுக்குக் கூப்பிடுகிறவர் ஒரே ஒருவர்தான் என்பதால் அழகுமுத்து திரையில் பேரைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க மிஸ்."

"சாப்ட்டீங்களா?" என்றாள் டோரீன். நானுஓயாவில் துணி தைக்கிறவள். அவள் முகத்தை அவர் பார்த்ததுகூட இல்லை.

"இனிமேதான். உங்க சாமான் கிட்டத்தட்ட முடிஞ்சுது. பனி பட்டு லேசா வெளுத்துருச்சு. இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

"ஐயோ, ஜெரோஷன் கேட்டா என்ன சொல்றது?"

"ரொம்ப கோவப்படுவாருங்களா?"

"அவன் ஒரு மாதிரிங்க," என்றாள் டோரீன் பெருமூச்சுடன்.

ஜெரோஷன் அவளுடைய தம்பி. அழகுமுத்துவின் ஒரே வாடிக்கையாளர். வத்தளை வேலைத்தலத்தை முதலாளி மூடிவிட்டுத் தன் மகளோடு போய்த் தங்கியதும், அழகுமுத்து செத்துப்போன அக்காவின் காம்பராவுக்குத் திரும்பி வந்திருந்தார். ஒரே கூரைக்கடியில் வரிசையாக எட்டு அறைகள் கொண்ட லயத்தின் கடைசிக் காம்பரா. கார் ஏற முடியாத இடத்தில் காருக்குப் பெயின்ட் அடிக்க முடியாது. ஃபோனில் யாரோ ஒருவன் கேம் கன்ட்ரோலர்களுக்கு வண்ணம் பூசுவதைப் பார்த்தார். கையளவு சாமான், வீட்டிலேயே செய்யலாம். ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டார். ஒரு லைக் விழுந்தது. அது அவரே தவறுதலாக அழுத்தியது. ஒன்பதாவது நாள் டோரீன் கூப்பிட்டாள். மறுநாள் தம்பியின் கன்ட்ரோலர் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

முதலில் கறுப்பு அடித்தார். நானுஓயா வழியாக ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் பிஸ்கட் டின்னில் வைத்து அனுப்பினார். நான்கு நாளில் திரும்பி வந்தது. "கறுப்பு பழைய காலத்து கலராம். ஜெரோஷன் சொல்றான்." சிவப்பு அடித்தார். அதுவும் வந்தது. "கண்ணைக் குத்துதாம்." ஒவ்வொரு தடவையும் டின்னுக்குள் கன்ட்ரோலரோடு இரண்டு துண்டு கேக் இருந்தது. ஜெரோஷன் எவ்வளவு முரடனோ அவ்வளவுக்கு அக்கா நல்லவள் என்று அழகுமுத்து நினைத்துக்கொண்டார்.

நீலத்தைக் காப்பாற்றியே ஆக வேண்டும். பனி உள்ளே வராதபடி காம்பராவின் கதவையும் ஜன்னலையும் இறுக்கச் சாத்தினார். இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே டின்னைக் குலுக்கி, நிதானமாக இரண்டு கோட் அடித்தார்.

லயத்தில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை என்பதை அவர் மறந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில். முதலில் பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமினார்கள். பிறகு அதற்கடுத்த காம்பராவில். "காஸ் லீக்காவுது! வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று ஒரு குரல். கதவைத் திறந்து பார்த்தபோது எட்டுக் காம்பராச் சனமும் வாசலில் நின்றது. பிள்ளைகள், கோழிகள், பாதி தலை வாரிய ஒரு பெண். பக்கத்துக் காம்பரா இராமையா ரைஸ் குக்கரைக் கட்டிப் பிடித்திருந்தான். உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்ததால் கையை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"என்னண்ணே பண்றீங்க உள்ள?"

"கன்ட்ரோலருக்குப் பெயின்ட் அடிக்கிறேன் இராமையா."

"என்னது?"

அழகுமுத்து எடுத்துக் காட்டினார்.

"இந்தக் கையளவு சாமானுக்கா லயமே வெளிய நிக்கிது?"

எல்லாரும் ஏசினார்கள். கிழவிகள் ஏசினார்கள், இருமலுக்கு நடுவே பிள்ளைகளும் ஏசின. அழகுமுத்து தலையைக் குனிந்து நின்றார். ஆனால் ஊருக்குத் திரும்பிய ஏழு மாதத்தில் இத்தனை பேர் அவரோடு பேசியது அன்றைக்குத்தான். காலையில் எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். மாலையில் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவரோடு ஓடி விளையாடியவர்கள் பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் மண்ணில். இப்போதைய ஆட்களுக்கு அவர் 'கொழும்புக்காரர்'. கூட்டம் கலைந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் ஏசியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

உள்ளே போனார். சனம் ஓடிய அதிர்வில் கூரையிலிருந்து அடுப்புப் புகைக்கரி உதிர்ந்து, ஈர நீலத்தில் அம்மைத் தழும்புபோல் ஒட்டியிருந்தது.

அதைத் தேய்த்தெடுத்து மறுபடி அடித்தாலும் காயவைக்க இடம் வேண்டும். வழி சொன்னவன் இராமையாதான். அவன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவன்.

"மேல் மாடில கொழுந்து வாட்டுற எடத்துல சூட்டுக் காத்து வரும்ணே. காலைல ஒரு மூலையில தொங்க விட்டா மத்தியானம் காஞ்சிரும். லயத்துல மட்டும் இனி அடிக்காதீங்க. எங்க வீட்டுச் சோறு இன்னும் பெயின்ட் நாத்தம் அடிக்கிது."

மறுநாள் காலை இராமையாவே அதைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டான். பத்து மணிக்கு, ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் மேல் மாடிக்கு ஏறினார். வாடுகிற கொழுந்தை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கொழுந்து ஏன்டா பெட்ரோல் ஷெட்டு மாதிரி மணக்குது?"

பிறகு மேலே பார்த்தார். மூலையில், கம்பியில், நீல நிறத்தில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.

"அது என்ன?"

"திருஷ்டிக்குக் கட்டினதுங்க ஐயா," என்றான் இராமையா.

டீமேக்கர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "திருஷ்டிக்கு எதுக்குடா பட்டன்?"

அந்த வாரம் முழுக்க இராமையா தண்டனையாக ஃபெக்டரியின் கழிவுநீர்க் கான் கழுவினான். கன்ட்ரோலர் அழகுமுத்துவிடம் திரும்பி வந்தபோது காய்ந்துதான் இருந்தது. ஆனால் ஃபெக்டரிக் காற்றில் பறக்கும் தேயிலைப் பஞ்சு முழுவதையும் இழுத்துக்கொண்டு காய்ந்திருந்தது. பூனைக்குட்டியைப் பிடித்ததுபோல் இருந்தது கைக்கு.

"மிஸ், இன்னும் நாலு நாள்," என்றார் ஃபோனில்.

"பரவால்லங்க. மெதுவா செய்ங்க."

"ஜெரோஷன்?"

"கத்திக்கிட்டுத்தான் இருக்கான். நான் சமாளிச்சுக்கிறேன்."

பின்னால் எந்தக் கத்தலும் கேட்கவில்லை. ஒரு ரயிலின் ஊதல் மட்டும் கேட்டது. கோபத்தில் பேசாமலேயே உட்கார்ந்திருக்கிறான் போலும் என்று அழகுமுத்து நினைத்தார். கத்துகிறவனைவிட அப்படிப்பட்டவன் ஆபத்தானவன்.

இனி ஒட்டுப்போடும் வேலை சரிவராது. அடியோடு சுரண்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். வத்தளையில் காரின் பழைய பெயின்டைக் கழற்றத் தின்னர் ஊற்றுவார்கள். ஒரு பேசினில் தின்னரை ஊற்றிக் கன்ட்ரோலரை அமிழ்த்தி வைத்தார். ஐந்து நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டார்.

மூன்றாவது நிமிடம் டோரீன் கூப்பிட்டாள்.

கன்ட்ரோலரைப் பற்றி ஒரு வார்த்தைதான் பேசினார்கள். பிறகு நானுஓயாவில் பெய்யும் மழை. பிறகு அவள் தைத்துக்கொண்டிருந்த கல்யாண ஜாக்கெட், அதைப் போடவேண்டிய பொம்பிளை தினமும் ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டு போவது. அழகுமுத்து சிரித்தார். தன் சிரிப்பைத் தன் காதாலேயே கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால், யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் ஒரு சேர்மனின் காருக்குத் தவறுதலாக முச்சக்கரவண்டிப் பச்சை அடித்த கதையைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முக்கால் மணி நேரம்.

தின்னர் தகரத்தைத் தின்னாது, பிளாஸ்டிக்கைத் தின்னும். பேசினுக்குள் கன்ட்ரோலர் இருக்கவில்லை. கூழ் இருந்தது. கூழின் நடுவில் இரண்டு ஸ்பிரிங்.

இரண்டு நாள் அவர் ஃபோனை எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. டோரீன் கூப்பிடத் தொடங்குவதற்கு முன் லயம் எப்படி இருந்தது என்பது அந்த இரண்டு நாளில் அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட்டாலும் மிஞ்சியது. இராமையாவும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஹட்டனுக்குப் போனார். ஃபோன் கடை ஒன்றில் பழைய கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று கிடந்தது.

"இது வேற கம்பனிண்ணே," என்றான் கடைக்காரன். "பட்டனும் வேற, அமைப்பும் வேற. உங்க ஆளோட கேம் பெட்டியில இது வேல செய்யவே செய்யாது. பாத்த ஒடனே தெரிஞ்சிரும்."

தெரியட்டும் என்று வாங்கினார். வெறுங்கையோடு போய் நிற்பதைவிட அது மேல். ஜெரோஷனிடம் நேரில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவன் சட்டையைப் பிடித்தால் பிடிக்கக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அதற்குப் பிறகு டோரீன் கூப்பிடமாட்டாள். அதுதான் சட்டையைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் வானம் வெளித்தது. பனியில்லை, காற்றில்லை. லயத்தை விட்டு வெகுதூரம், ஒரு பாறைக்கு மேலே ஏறிப்போய் அடித்தார். வத்தளையில்கூட அவர் கைக்கு இப்படியொரு நீலம் வந்ததில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தூசு இல்லை. முகம் தெரிந்தது. சரியில்லாத சாமானில் வாழ்க்கையிலேயே சரியான ஒரு வேலையைச் செய்துவிட்டு, அதைப் பார்க்க ஆளில்லாமல் பாறையில் தனியே உட்கார்ந்திருந்தார்.

மத்தியான பஸ்ஸில் நானுஓயாவில் இறங்கினார். ஸ்டேஷனுக்கு மேலே படியேறிப் போகும் பாதையில் கடைசி வீடு என்று டோரீன் எப்போதோ சொல்லியிருந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்தார்: 'தம்பி, தப்பு என் மேலதான். தம்பி, கைய கீழ போடுங்க.'

கதவைத் திறந்தவள் ஃபோன் குரலைவிடக் கொஞ்சம் வயதானவளாக இருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பெயரைச் சொன்னதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஃபோனை எடுக்காம விட்டீங்களே. செத்துகித்துப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேங்க. உள்ள வாங்க."

வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்று தையல் மெஷினுக்கு முன்னால். மற்றதில் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. அவள் அவசர அவசரமாக அதை அள்ளி எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தரையில் போட்டாள். அழகுமுத்து உட்கார்ந்தார். உள்ளறையின் திரைச்சீலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜெரோஷன் இருக்காருங்களா?"

"வெளிய போயிருக்கான். எங்க, காட்டுங்க."

கொடுத்தார். டோரீன் கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கு!"

"மிஸ், அதுல ஒண்ணு சொல்லணும். அது வந்து..."

"ஆனா இந்த ஓரத்துல கொஞ்சம் வெளிறின மாதிரி இல்லிங்களா?"

அழகுமுத்து திகைத்துப்போனார். அங்கே ஒரு வெளிறலும் இல்லை. பட்டன்கள் வேறு, வடிவம் வேறு, கம்பனியே வேறு. அவற்றை விட்டுவிட்டு இல்லாத வெளிறலைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"ஜெரோஷன் நிச்சயம் குறை சொல்லுவான்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "பச்சை அடிச்சுப் பாத்தா என்னங்க? அவசரமில்ல. முடிச்சிட்டு, பஸ்ஸுல குடுத்து விடாம இந்த மாதிரி நேர்லயே வாங்களேன்."

"மிஸ், நான் சொல்ல வந்தது..."

"டீ போட்டுட்டு வர்றேன். குடிச்சிட்டுச் சொல்லுங்க. போயிராதீங்க."

கன்ட்ரோலரை அவர் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது. ஒரு கோப்பை கீழே விழுந்து உருண்டது. அழகுமுத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அக்காவிடம் வேண்டாம், தம்பியிடமே நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. அவர் பாய்ந்து எழுந்து, "தம்பி, தப்பு என் மேலதான்!" என்றார்.

வந்தவள் பக்கத்து வீட்டுக் காளியாயி. கையில், தையல் பிரித்த ஜாக்கெட். இந்த வீட்டில் ஒரு ஆம்பிளை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க," என்று அழகுமுத்து குரலைத் தாழ்த்தினார். "ஜெரோஷன்னு நெனச்சிட்டேன். அவரு எத்தனை மணிக்குங்க வீட்டுக்கு வருவாரு?"

காளியாயி குசினிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அவரையும் அவர் கையிலிருந்த நீலக் கன்ட்ரோலரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"ஜெரோஷன் தம்பிங்களா? அவரு டீவி, கேம் பெட்டி எல்லாத்தையும் வித்துட்டு ரொமேனியாவுக்குப் போயி மூணு வருசமாச்சுங்களே!"