புலம்பல் கேப்டன்

வேலையைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை ஒரு கச்சேரி மாதிரி, பெங்களூர் போகும் காலை ரயிலில், எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் சுருதி சேர்த்து, பங்காருப்பேட்டையில் சூடு பிடித்து, கிருஷ்ணராஜபுரத்தில் மங்களம் பாடி முடித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

அவர் விமானி. நிஜமான விமானி. தொண்ணூறுகளில் புதிதாக முளைத்த தனியார் விமானக் கம்பெனிகளில் ஒன்றில் இருந்தார். அவருடைய அப்பா எங்கள் ஊர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். மனைவி கமலா சாம்பியன் ரீப்ஸில் டீச்சர். வேலையை விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வர முடியாது என்று கமலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஆகாயத்தில் பறக்கிறவர் அதற்கு முன்னால் எங்களோடு காலை ரயிலில் இடிபட்டுக்கொண்டு வந்தார். நான் பெங்களூரில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் பெட்டியில் யாருக்கும் அது ஞாபகமில்லை. நேரில் கேப்டன், அவர் இறங்கிய பிறகு புலம்பல் கேப்டன்.

முதல் நாள் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, கறுப்பு டையோடு வந்து என் எதிரில் நின்றார். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பதறி எழுந்து சீசன் டிக்கெட்டை நீட்டினார். இவர் மரியாதையாக வாங்கிப் பார்த்தார்.

"போன மாசமே முடிஞ்சிபோச்சேமா."

"ஊருக்குப் போய்ட்டேன் சார். இன்னிக்கு ஒரு நாளு விட்டுடு சார்."

"நான் டிக்கெட் பாக்கறவன் இல்லம்மா. ப்ளேன் ஓட்டறவன்."

அந்த அம்மாள் டிக்கெட்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். "ப்ளேன் ஓட்டறவனுக்கு ரயில்ல இன்னா வேல?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்," என்று அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார் கேப்டன். கச்சேரி அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

"ஆகாசம் ஆகாசம்னு சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரு கண்ணாடி, அதுக்கு அந்தாண்ட ஒரு மேகம். நேத்து பாத்த அதே மேகம். பஸ் டிரைவர்னா வழியில நிறுத்தி ஒரு டீ குடிக்கலாம். நான் எங்க நிறுத்தறது? பூப்போல எறக்கினா ஒருத்தனும் ஒரு வார்த்தை பேசமாட்டான், மேல வெச்ச பையத் தேடுவான். லேசா தட்டிடுச்சின்னா, சீர்ல குறை கண்டுபிடிச்ச சம்பந்தி மாதிரி மொறைச்சிகினு எறங்குவான்."

சாப்பாடு, ஓட்டல் தலையணை, தினமும் மாற்றிப் போடும் டியூட்டி, அதைப் போடும் அதிகாரி, அந்த அதிகாரியின் மீசை என்று ஒன்று விடாமல் போகும். நாங்களும் அவரவர் ஆபீஸைத் திட்ட நினைத்துத்தான் ரயில் ஏறுவோம். அவர் முன்னால் எங்கள் குறையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு. வாயை மூடிக்கொண்டு கேட்போம்.

அவருக்குச் சரியான ஜோடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் கிடைத்தார். செல்வராஜ். தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து இயக்குபவர். அந்தக் கூண்டை ஊரில் கேஜ் என்போம். கேப்டன் மேகத்தைப் பற்றி ஆரம்பித்ததுமே செல்வராஜ் கிளாஸைக் கீழே வைத்தார்.

"உனுக்காவது கண்ணாடி கீது சார். எனுக்கு இன்னா கீது? ஆழம் காட்டற ஒரு முள்ளு, ஒரு மணி. மணி அடிச்சா எறக்கணும், மணி அடிச்சா தூக்கணும். யார எறக்கறேன், யார தூக்கறேன்னு மூஞ்சிகூடத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க. பின்னாடி யாரு உக்காந்துகினு வராங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதுகு?"

"போச்சு. உங்களுக்கு?"

"எனுக்கு எப்பவோ போச்சு. மேல ஆபீசரு எப்படி?"

இருவரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். வடை ஆறியது. வெயில் கடைக்குள் வந்துவிட்டது. கடைசியில் டீக்கடைக்காரருக்கே பொறுக்கவில்லை.

"இத்தினி கஷ்டம்னா ரெண்டு பேரும் வேலைய மாத்திக்கறதுதானே?"

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளையை விலைக்குக் கேட்டவனைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். "அதெப்படிபா முடியும்?" என்று சேர்ந்தாற்போல் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை கேப்டன் கட்டம் போட்ட சட்டையில் வந்தார்.

"லீவா கேப்டன்?"

"கம்பெனிய மூடிட்டாங்க." இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்காருப்பேட்டை வந்தது, போனது. வெளியே விடிந்துகொண்டிருந்தது. திடீரென்று அவரே பேசினார், எங்களிடம் சொல்கிற மாதிரிகூட இல்லை.

"கீழ இருட்டா இருக்கும்போதே எனக்கு மட்டும் சூரியன் வந்துடும் சார். ராத்திரி சென்னையில தங்கிட்டு மொத ப்ளேன எடுத்துகினு வரும்போது, நம்ம ஊர்ல சுரங்க மண்ணு குவிச்ச சயனைடு மேடு மாவு கொட்டி வெச்ச மாதிரி தெரியும். அதுக்குப் பக்கத்துல கமலாவோட ஸ்கூல் எங்கன்னு ஒவ்வொரு வாட்டியும் தேடுவேன். ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல."

இத்தனை வருடத்தில் இந்தச் சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்.

அதற்குப் பிறகு வேலை தேடிப் பெங்களூருக்கு வந்துபோனபோதெல்லாம் அவர் எதையுமே குறை சொல்லவில்லை. எங்களுக்கு அது பெரிய தொல்லையாகிவிட்டது. ரயில் நடுவழியில் நின்றால் "சிக்னல்னா நிக்கத்தான் வேணும்" என்பார். வாயைக் கிளறுவோமே என்று நான் ஒரு நாள் ஸ்டேஷன் காப்பியைத் திட்டினேன். கழுநீர் மாதிரி இருந்த காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "இதாவது கெடைக்குதே சார்," என்றார்.

ஒரு மாலை கமலா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணா, குழம்புல உப்பே போட மறந்துட்டேன். நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாவது வாட்டி வாங்கிச் சாப்பிட்டாரு. எனக்கு பயமா இருக்குண்ணா. கல்யாணமான நாள்லேர்ந்து அவரு நல்லாருக்குன்னு சொல்லி நான் கேட்டதில்ல."

என் மனைவி சிரிக்கப் போய், கமலாவின் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தினமும் நீங்களே பேச்சுக் கொடுங்கள் அண்ணா, தனியாக விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் போனார். நாங்களும் விடவில்லை. அவர் வருகிற நாளில் ஜன்னலோர இடத்தை அந்த சீசன் டிக்கெட் அம்மாளே பிடித்து வைத்துவிடுவார்.

மழைக்காலம் முடிந்த பிறகு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மறுபடி வெள்ளைச் சட்டை, மறுபடி பட்டை. பெட்டி முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டேகல் ஸ்டேஷன் தாண்டியது. பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"சின்ன ப்ளேன் சார். தலைய நிமித்த முடியல. டப்பாவுல ஊறுகா மாதிரி உக்கார வெச்சிட்டானுங்க."

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், இன்னும் இன்னா கஷ்டம், சொல்லுப்பா," என்றார்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். எங்கள் ரயிலில் புதிய முகங்கள் ஏறத் தொடங்கின. பெங்களூரில் காவலாளி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு காலை செல்வராஜ் ஏறினார். உடம்புக்குப் பொருந்தாத நீலச் சட்டை, மடியில் சாப்பாட்டு டப்பா. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேப்டன் தன் இடத்தை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"புது வேல எப்படிங்க?"

"இன்னாத்த சொல்றது. பரவால்ல."

"பரவால்லன்னா ஒத்துக்க மாட்டேன். ஆபீசரு எப்படி? அத மொதல்ல சொல்லுங்க."

செல்வராஜ் டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே இருக்க வேண்டும். சின்னப் பையன்கள் எல்லாம் காரிலிருந்து இறங்காமலே கையைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்கள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. கேப்டன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணராஜபுரம் வந்தது. விமான நிலையத்துக்கு அவர் இறங்க வேண்டிய இடம். நான் தோளைத் தொட்டேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, செல்வராஜ் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டார். ரயில் கிளம்பிவிட்டது.

கேப்டன் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டோவைத் தேடி ஓடினார். அன்று ஏதோ ஓர் ஊருக்குப் போக வேண்டியவர்கள் விமானம் கிளம்பவில்லையே என்று அவரைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும். அவர்கள் அவரோடு ரயிலில் வந்ததில்லை.