நாலு புள்ளி எட்டு

வேலுவின் கருவாட்டுக்கு யாரோ ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டிருந்தார்கள்.

பல் தேய்ப்பதற்கு முன்னால் போனைத் திறந்து கடையைப் பார்ப்பது நாலு மாதமாக அவனுக்குப் பழக்கம். கடை என்றால் ஷட்டர் போட்ட கடை இல்லை. ‘உப்புக்காத்து டாட் காம்’. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் பக்கம் ஆரோக்கியமேரி காயவைக்கும் நெத்திலியும் வாளையும் சுறாவும், பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு இரண்டாம் மாடியில் வேலுவின் வீட்டில் பாக்கெட்டாகி, அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் என்று போய்ச் சேரும். தளம் அவனுடையது. நட்சத்திரம் போடுகிற இடம் மட்டும் ஒரு பெரிய ஷாப்பிங் ஆப்பினுடையது. அதில் அவன் கை வைக்க முடியாது.

நேற்று வரை இருபத்து மூன்று பேர் போட்டிருந்தார்கள். இருபத்து மூன்றும் ஐந்துக்கு ஐந்து. இருபத்து நாலாவதாக இது. காரணம் ஒரு வரி எழுதவில்லை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நியூ போன்’ என்று இருந்தது.

“தேசம்மா, இங்க வா. எவனோ நம்ம வயித்துல அடிச்சிட்டான்.”

அவன் மனைவி தேசம்மா தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ஒண்ணுதானே. மீதி எல்லாம் அஞ்சாதானே கீது.”

“மொத்தத்துல எறங்கிடுச்சு. நாலு புள்ளி எட்டு.”

“நூத்துக்கு எவ்ளோ அது?”

“தொண்ணூத்தாறு.”

“நீ எட்டாவதுல எவ்ளோ வாங்கின?” என்று கேட்டுவிட்டு அவள் தோசையைத் திருப்பப் போனாள்.

அவளுக்குச் சொன்னால் புரியாது என்று வேலு நினைத்துக்கொண்டான். ஆனால் அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஆப்பில் ‘நம்ம ஊர் ருசி’ என்று ஒரு பக்கம் வரப்போகிறது. ஐம்பது கடைகள் மட்டும். நாலு புள்ளி ஒன்பதுக்குக் குறைந்தால் உள்ளே விட மாட்டார்கள். முப்பதாம் தேதிக்குள் கடைகளைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடுவார்கள். அதே முப்பதாம் தேதி வரைதான், தேனாம்பேட்டையில் ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில் வேலு பதினோரு வருஷம் நின்ற செக்யூரிட்டி வேலையை, சூப்பர்வைசர் சுப்பராயன் அவனுக்காகக் காலியாக வைத்திருந்தார். “கருவாடு விக்கிதா பாரு, இல்லன்னா வந்து நில்லு,” என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கண்ணாடியை இறக்காமல் போகிற கார்களுக்குப் பதினோரு வருஷம் சல்யூட் அடித்தவனுக்குத்தான் அந்தக் கையின் வலி தெரியும். திரும்பிப் போவதைவிடக் கையை வெட்டிக்கொள்ளலாம் என்று வேலு பலமுறை சொல்லியிருக்கிறான்.

தேசம்மாவின் தம்பி விக்கிதான் தளத்தைச் செய்து கொடுத்தவன். நந்தனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. போன் போட்டவுடன் வந்துவிட்டான்.

“‘நியூ போன்’னா, கடைக்காரன் போட்டுக் குடுத்த பேரா இருக்கும் மாமா. போன் வாங்கறப்ப அவனே ஒரு ஐடி தட்டிக் குடுப்பான். நம்மாளுங்க அத்த மாத்தவே மாட்டாங்க.”

“இப்ப இன்னா பண்றது?”

“பணிவா ஒரு பதில் போடு. கஸ்டமரே மனசு மாறி ஏத்திடுவாங்க.”

பணிவு வேலுவுக்குத் தெரியாத வித்தையா. உட்கார்ந்து எழுதினான். ‘மதிப்பிற்குரிய நியூ போன் அவர்களுக்கு, தங்கள் மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னிக்கவும். என்ன குறை என்று சொன்னால் அரைக்கிலோ நெத்திலி இலவசமாக அனுப்பி வைக்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள வேலு.’

நியூ போன் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் படித்தார்கள்.

‘அற்புதம், கடலே வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது’ என்று ஐந்து போட்டிருந்த அடையாறு அம்மாள், மத்தியானத்துக்குள் அதை மூன்றாக்கி, ‘உப்பு சற்று அதிகம். நெத்திலியை அதே விலாசத்துக்கு அனுப்பவும்’ என்று எழுதினார். இன்னொருவருக்குப் போன மாதம் தின்று தீர்த்த வாளையில் முள் இருந்தது ஞாபகம் வந்தது. சாயங்காலத்துக்குள் நாலு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். சொன்ன சொல் காப்பாற்ற வேண்டும் என்று வேலு நாலு பேருக்கும் நெத்திலி அனுப்பினான். வாங்கிக்கொண்டார்கள். நட்சத்திரத்தை யாரும் ஏற்றவில்லை. நாலு புள்ளி ஐந்து.

“விடு மாமா,” என்றான் விக்கி. “நம்ம ஏரியாவுல இல்லாத ஆளா? ஆளுக்கு அஞ்சு போடச் சொல்லலாம். ஒரே நாள்ல ஏறிடும்.”

மறுநாள் டீக்கடையில் ஐம்பது பேர் கூடினார்கள். டீ வேலு செலவு. கடைக்காரர் மெஹபூப் அலி தன் வைஃபையை எல்லாருக்கும் திறந்துவிட்டார். யார் என்ன எழுதுகிறார்கள் என்று வேலு குனிந்து குனிந்து பார்த்தான்.

“இன்னாண்ணே இது, ‘வேலு தங்கமானவர், எங்கப்பா சாவுக்குக் கடைசி வரைக்கும் இருந்தார்’னு எழுதி வெச்சிக்கிற? கருவாட்டப் பத்தி எழுதுண்ணே.”

“உன் கருவாட்ட நான் துன்னதே இல்லியே.”

“ஏன்?”

“துட்டு குடுத்து எவன்பா கருவாடு வாங்குவான்? எங்கூட்டு மாடியில காயுது.”

எழுதட்டும், நட்சத்திரம்தானே முக்கியம் என்று வேலு விட்டுவிட்டான். மறுநாள் காலையில் ஐம்பதும் காணாமல் போயிருந்தன. ஒரே இடத்திலிருந்து, ஒரே மணி நேரத்தில், கருவாடே வாங்காத ஐம்பது பேர் புகழ்ந்தால் ஆப்புக்குச் சந்தேகம் வராதா? கடையின் தலைக்கு மேலே மஞ்சள் பட்டையில், ‘இங்கே போலி மதிப்புரைகள் நீக்கப்பட்டன’ என்று ஒட்டிவிட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் கருவாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்கள்.

வேலுவுக்குத் தூக்கம் போயிற்று. வியாபாரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த நியூ போன் யார் என்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது. கையில் கிடைத்தால் காலில் விழலாமா, சட்டையைப் பிடிக்கலாமா என்று அவனுக்கே தெரியவில்லை.

“எல்லா கஸ்டமரையும் ஒரே வாட்ஸாப் குரூப்புல போட்டு நேராவே கேட்டுட்டா இன்னா?” என்றான் தேசம்மாவிடம்.

இந்த யோசனை அவனுடையதே. விக்கி அன்றைக்கு ஊரில் இல்லை, இருந்திருந்தால் தடுத்திருப்பான். ‘உப்புக்காத்து குடும்பம்’ என்று பேர் வைத்து, வாங்கினவர்கள் எழுபது பேரையும் உள்ளே இழுத்துப் போட்டு, ‘கருவாடு வாங்கிய அன்பு நெஞ்சங்களே, உங்களில் நியூ போன் யார்?’ என்று கேட்டான்.

நியூ போன் யார் என்று தெரியவில்லை. மற்ற எல்லாரும் யார் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மயிலாப்பூரில் ஓர் அடுக்ககம். செயலாளர் பாரத். மாமிசம், மீன் சமைத்தால் அபராதம் என்று லிப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியவர். மாதம் இரண்டு தடவை லஸ் முனையில் நின்று, பேர் போடாத பெட்டியில் சுறாக் கருவாடு வாங்கிக்கொண்டு போகிறவரும் அவர்தான். அதே கட்டடத்து மூன்றாம் மாடி தீபிகா, போன மாதம் அவரிடம் அபராதம் கட்டியவள். குரூப்பில் அவர் எண்ணைப் பார்த்தாள். ‘பாரத் சார், நீங்களுமா?’ என்று ஒரே ஒரு வரி போட்டாள். அதைப் படம் பிடித்து அடுக்ககத்தின் குரூப்பிலும் போட்டாள்.

கால் மணி நேரத்தில் பாரத்தின் போன் வந்தது.

“உமக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணினேன்? நாலு மாசமா வாங்கிண்டிருக்கேன், ஒரு நாள் பேரம் பேசினதுண்டா?”

“சார், தெரியாம நடந்துபோச்சு சார்.”

“ஆத்துல அவ சமையலறையைப் பூட்டிண்டு உக்காந்திருக்கா. அசோசியேஷன்ல என்னை ராஜினாமா பண்ணச் சொல்றா. எனக்கு அந்த லிப்ட்ல ஏறவே பயமா இருக்கு. நீர் நன்னா இருப்பீரா?”

வேலு அவர் காணாத இடத்தில் நின்றுகொண்டு தலையைக் குனிந்தான். பழக்கதோஷம், கைகூட நெற்றிக்குப் போயிற்று.

அன்றைக்கே நாற்பது பேர் குரூப்பைவிட்டு வெளியேறினார்கள். பாதிப் பேர் போகிற போக்கில் ஆளுக்கொரு ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். இவர்கள் காரணமும் எழுதினார்கள். நாலு புள்ளி என்ற பேச்சே போய், மூன்றுக்குக் கீழே வந்தது கடை.

அத்தோடு நின்றிருக்கலாம். கெட்ட நேரம், அந்தச் சமயம் பார்த்துத் தேசம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “நம்ம ஆரோக்கியக்காதான் புதுப் போன் வாங்கிக்கிது. படம் சும்மா பளிச்சினு கீது.”

வேலு பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தான்.

பெசன்ட் நகரில் ஆரோக்கியமேரி வலை விரித்து நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடை போடலாமா என்று வேலு தயங்கியபோது, முதல் சரக்கை முன்பணம் வாங்காமல் தூக்கிக் கொடுத்தவள் அவள்தான். அதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கேட்டான்.

“போன் எப்பக்கா வாங்கின?”

“மூணு வாரம் ஆவுது. ஏன் வேலு?”

“கொஞ்சம் காட்டேன்.”

“இன்னாத்துக்கு?”

“எவங்களோ புதுப் போன்லருந்து நம்ம கடைக்கு ஒத்த ஸ்டாரு போட்டுக்கிறாங்க. நீயே நேரா வித்துக்கலாம்னு நெனச்சிருந்தா, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

ஆரோக்கியமேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். வேலு தேடினான். அவள் பேரிலேயே இருந்தது, வேளாங்கண்ணி மாதா படத்தோடு. போன வாரம் போட்டது. ஐந்து நட்சத்திரம். கீழே, ‘என் கையால காயவச்சது. நம்பி வாங்கலாம்.’ மற்றவர்கள் போட்ட ஒற்றை நட்சத்திரங்களுக்கு நடுவில் அது கிடந்ததை அவன் கவனித்திருக்கவில்லை.

வேலுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“பாத்துட்டியா?” என்றாள் அவள். “போனக் குடு.”

“அக்கா...”

“நாளைலருந்து சரக்கு வராது. வேற எடம் பாத்துக்க.” அவள் குனிந்து மறுபடியும் நெத்திலியைப் புரட்டத் தொடங்கினாள். அவன் அரை மணி நேரம் நின்றான். அவள் நிமிரவே இல்லை.

முப்பதாம் தேதி ‘நம்ம ஊர் ருசி’ வந்தது. ஐம்பது கடைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அதில் இரண்டு கடைகள் கருவாடு விற்றன. ஒன்றில் ஆரோக்கியமேரியின் நெத்திலி இருந்தது, அவனுக்குத் தெரியாத நெத்திலியா அது. சுப்பராயனுக்கு அவனே போன் செய்தான். “ஒண்ணாந்தேதி வந்துடு. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கோ,” என்றார் அவர். வேறு ஒன்றும் கேட்காததற்காக வேலு அவரை மனதுக்குள் கும்பிட்டான்.

ஒன்றாம் தேதி காலையில் சீருடையை மாட்டினால் வயிற்றுப் பொத்தான் போட வரவில்லை. நாலு மாதம் உட்கார்ந்து பாக்கெட் போட்ட உடம்பு. தேசம்மா ஊக்கு ஒன்றைக் குத்திவிட்டாள். இந்த முறை அவள் எந்தக் கேலியும் செய்யவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலுவின் அக்கா பாஞ்சாலி படியேறி வந்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிற வேலை. ஆடித் தள்ளுபடி என்று மூன்று வாரமாக அவளுக்கு லீவு தரவில்லை, போன் பேசக்கூட நேரமில்லை. வேலுவின் முதல் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவள் வாய்வழியாக வந்தவர்கள்தான்.

தம்பியைக் காக்கிச் சட்டையில் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாடா வேலு இது?”

“கடை போச்சுக்கா.”

“எப்படிப் போவும்? அன்னிக்குக்கூட எம் புதுப் போன்ல எங்கடைப் பொண்ணுங்க அத்தினி பேருக்கும் காட்டினேனே. எல்லாம் வாயப் பொளந்துக்கினு பாத்துச்சுங்க.”

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். பாஞ்சாலி எழுந்து வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

“எல்லாம் அஞ்சு அஞ்சா ஜொலிச்சிக்கினு கீதே, ஊர்க்கண்ணு பட்டுடப் போவுதேன்னு, திருஷ்டிப்பொட்டா அன்னிக்கே நான் ஒத்த ஸ்டாரு வெச்சேன் நைனா,” என்றாள். “ஒண்ணு பத்தல, இன்னும் ரெண்டு வெச்சிருக்கணும்.”