ஆஸ்கர் மீனுக்கு நான் வைத்த புரட்டாசி விரதம்

ஒரு மீனைச் சைவத்துக்கு மாற்றப் பார்த்தவள் நான். இதை வெளியில் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் எப்போதோ ஒப்புக்கொண்டிருப்பேன். பக்தியில் செய்ததால்தான் சொல்ல இவ்வளவு கூச்சம்.

கல்யாணமாகி குளுவாங்கிலிருந்து பொந்தியானுக்கு வந்து அப்போது ஐந்து மாதம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து சாப்பிடும்போது பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுவார். மாமனார் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவர்களைத் தவிர வீட்டில் துரை இருந்தது. துரை என்பது ஹாலில் நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் தனியாக வாழ்ந்த ஆஸ்கர் மீன். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், என் உள்ளங்கையைவிடப் பெரிய உருவம், யார் வந்தாலும் கண்ணாடிக்கு அருகில் வந்து ஏற இறங்கப் பார்க்கும் பார்வை. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் அப்படித்தான் பார்ப்பார்களாம். பெயர் வைத்தவர் என் மாமியார்.

மாமியாரை நான் பார்த்ததில்லை. நான் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே இறந்துவிட்டார். ஆனால் தினமும் அவரோடு நான் போட்டியில் இருந்தேன். பொந்தியான் முழுக்க அவர் புகழ்தான். புரட்டாசி மாதம் முழுவதும் வீட்டில் முட்டை வாசம்கூட வராதாம், சனிக்கிழமைகளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெருமாளுக்குப் படைப்பாராம். சுவரில் மாலையோடு இருந்த படம் என் சமையலை மேற்பார்வை பார்ப்பதாகவே எனக்குத் தோன்றும்.

மாமியார் போனதிலிருந்து மாமா பேச்சை நிறுத்திவிட்டவர். என்னிடம் 'சாப்டியாம்மா', 'கதவைச் சாத்திக்கோ' என்ற இரண்டைத் தவிர அதுவரை மூன்றாவதாக எதுவும் பேசியதாக நினைவில்லை. பேசுவதெல்லாம் துரையிடம்தான். நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு, மழை வருமா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். (நான் சமையலறையில் ஒட்டுக் கேட்பேன். வீட்டுச் செய்தியெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.) அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அந்தப் புரட்டாசிக்கு இரண்டு நாள் முன்பு மாமா கண்புரை அறுவைக்காக மூவாரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் அங்கேதான். கிளம்பும்போது துரையை என்னிடம் ஒப்படைத்தார். சாப்பாடு ஃபிரீசரில் இருக்கிறது, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டில் முதன்முதலாக என்னை நம்பி ஒரு பொறுப்பு. மாமியார் கவனித்துக்கொண்ட உயிர் வேறு. நான் பூரித்துப் போனேன்.

ஃபிரீசரைத் திறந்தால் துரையின் சாப்பாடு என்பது இரண்டு பை இறால். மறுநாள் புரட்டாசி. மாமியாரின் வீட்டில், மாமியாரின் ஃபிரீசரில், புரட்டாசியில் இறாலா? இரண்டு பையையும் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, ஃபிரீசரை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தேன். மீன் தீவனக் குருணை ஒரு டப்பா இருந்தது. அதிலாவது ஒப்பேற்றலாம் என்று லேபிளைப் படித்தேன். முதல் பொருளே மீன் தூள். அதையும் மூடி வைத்தேன்.

அதே வேகத்தில் வீட்டின் பின்பக்கத்தையும் சுத்தம் செய்தேன். அங்கே இரண்டு பெரிய வாளிகளில் மாமா எப்போதும் தண்ணீர் பிடித்துத் திறந்தே வைத்திருப்பார். டெங்கிக் கொசுவுக்கு வீடு வீடாக ஆள் வந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. விவரம் தெரிந்த மருமகளாக இரண்டையும் கவிழ்த்து ஊற்றினேன்.

துரையின் விரதம் தொடங்கியது. முதல் நாள் தவ்வு எனும் சோயாக் கட்டி. வாயில் வாங்கி, சுவை பார்த்து, என் பக்கமாகவே துப்பியது. இரண்டாம் நாள் தோசைத் துண்டு. மூன்றாம் நாள் வேகவைத்த பருப்பு. எல்லாவற்றையும் வாங்கும், துப்பும், என்னைப் பார்க்கும். ஐந்தாம் நாள் பட்டாணியில் இரண்டை விழுங்கியது. நான் கைகூப்பிப் பெருமாளுக்கு நன்றி சொன்னேன். துப்பியதெல்லாம் தொட்டியின் அடியில் கிடந்த கல்லுக்கு இடையில் போய் உட்கார்ந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

பிறகு எனக்கு ஓர் அறிவு உதித்தது. தனியாகச் சாப்பிடுகிற பிள்ளைக்குத்தான் அடம் வரும், கூட நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் தானாகச் சாப்பிடும். மீன் விற்கும் கடைக்குப் போய், கீரை சாப்பிடுகிற மீன் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரச் சீனப் பெண்மணி என்னை நிதானமாகப் பார்த்தார். தங்க மீன் கீரை சாப்பிடும் என்றார். வீட்டில் வேறு என்ன மீன் இருக்கிறது என்று மலாயில் கேட்டார். ஒரு பெரிய மீன், ரொம்ப நல்ல சுபாவம் என்றேன். விரல் நீளத்தில் ஆறு தங்க மீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஐந்து இருந்தன. ஒன்று துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று சோபாவுக்கு அடியில் தேடினேன். அதற்கு மறுநாள் நான்கு. பக்கத்து வீட்டுப் பூனைமேல் சந்தேகம் வந்து ஜன்னலைச் சாத்தினேன். இரண்டானபோது, வடிகட்டும் மோட்டார் இழுத்துக்கொண்டதோ என்று பயந்தேன். துரைமேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதன் முகத்தில் அப்போது ஒரு தெளிவு தெரிந்தது. விரதத்தின் பலன் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ம் என்றார். (தூங்கிக்கொண்டே சொன்ன ம்.)

மாமா திரும்பி வரும் நாள் வந்தபோது தொட்டியில் துரை மட்டும் இருந்தது. தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்து, முடை நாற்றம் அடித்தது. புதுக் கண்ணோடு வருகிற மனிதர் முதலில் பார்க்கப்போவது இதைத்தான். காலையிலேயே இறங்கினேன். துரையை ஒரு பிளாஸ்டிக் பேசினில் மாற்றி, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கல்லைக் கல்லாகத் தேய்த்தேன். வடிகட்டியில் இருந்த பஞ்சு பழுப்பேறி வழவழவென்று இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, புதுசாக வெளுக்கும்வரை கசக்கிப் பிழிந்தேன். பிறகு குழாயிலிருந்து நேராக ரப்பர் குழாயை இழுத்துவிட்டு நிரப்பி, துரையை உள்ளே விட்டேன். தொட்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. மாமியார் படத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் துரை ஒரு பக்கமாகச் சாய்ந்து அடியில் படுத்துவிட்டது. செவுள் மட்டும் வேகவேகமாக அடித்தது.

கடைக்காரப் பெண்மணிக்குப் போன் போட்டேன். முதலில், அது என்ன மீன் என்று கேட்டார். சொன்னேன். ஆஸ்கரா, அலமாக் என்று அலறினார். தங்க மீன்கள் போன இடம் எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. பஞ்சையும் கழுவினாயா என்று கேட்டார். சோப்புப் போட்டு என்றேன், அப்போதும் கொஞ்சம் பெருமையோடு. மீன் கழிவின் விஷத்தைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதே அந்தப் பழுப்பு அழுக்கில் வாழும் கிருமிகள்தான் என்றும், குழாய்த் தண்ணீரின் குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும் என்றும், உடனே கடைக்கு வா என்றும் சொன்னார்.

நான் கைப்பையை எடுத்தபோது வாசலில் கார் நின்றது. மாமா கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே வந்தார். நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்தார்.

"என்னடா துரை, இப்படிப் படுத்துட்ட?"

என்னைக் கேட்கவில்லை. மீனைத்தான் கேட்டார். மனைவியைப் பறிகொடுத்த மனிதருக்கு வாய் திறந்து பேச ஓர் உயிர் இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா பின்பக்கம் போனார். வெறும் வாளிகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணி பிடிச்சு வச்சிருந்தேனேம்மா."

"கொசு வரும்னு ஊத்திட்டேன் மாமா."

தண்ணீரில் குளோரின் கலப்பதையே முப்பது வருடம் வேலையாகச் செய்தவர் அவர். அது பறந்து போகட்டும் என்றுதான் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைப்பார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளில் கடைக்குப் பறந்தேன். குளோரினை முறிக்கும் மருந்து, ஒரு காற்றுப் பம்பு, அதோடு தன் சொந்தத் தொட்டியிலிருந்து பிழியாமல் எடுத்த ஒரு பழைய பஞ்சு, இவற்றைக் கொடுத்து அனுப்பினார் அந்தப் பெண்மணி. ஊரிலேயே அழுக்கான பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாமாவின் கண்ணில் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்பதால், அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் நானே செய்தேன். அந்த ஒரு மாலையில் என்னிடம் அவர் பேசியது, முந்தைய ஐந்து மாதத்தில் பேசியதைவிட அதிகம்.

இரண்டு நாளில் துரை நிமிர்ந்தது. ஆனால் எதையும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் மாமா கேட்டார், இத்தனை நாள் என்ன போட்டாய் என்று. தவ்வு, தோசை, பருப்பு, பட்டாணி என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். புரட்டாசி, அத்தை, ஃபிரீசர் என்று காரணமும் சொன்னேன். அவர் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரட்டாசியிலயும் அவதாம்மா இவனுக்கு இறால் உரிச்சுப் போடுவா. போட்டுட்டு, குளிச்சிட்டு வந்து விளக்கேத்துவா. வாயில்லா ஜீவனை அவ பட்டினி போட்டதே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதமாக நான் பயந்து பயந்து போட்டி போட்டது அவரோடு இல்லை, நானே உண்டாக்கிய ஒரு கடுமையான பொம்பளையோடு. உண்மையான அத்தை இருந்திருந்தால் என் கையில் இருந்த பட்டாணியைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

உடனே பசாருக்கு ஓடினேன். பெருமாளுக்கு வாங்கிய துளசி மாலை ஒரு கையில், நெற்றியில் நாமம், புரட்டாசி சனிக்கிழமை, மீன் அங்காடி முன்னால் நின்று, புது இறாலாகப் பார்த்துப் பொறுக்கிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கோயில் மகளிர் குழுத் தலைவி கமலா அக்கா. என் நாமத்தைப் பார்த்தார், துளசியைப் பார்த்தார், இறாலைப் பார்த்தார்.

"மீனுக்குக்கா," என்றேன்.

"சரிம்மா," என்றார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இறாலை உரித்து நீட்டினேன். துரை மெல்ல மேலே வந்து, என்னைப் பார்த்து, வாங்கிக்கொண்டது. துப்பவில்லை. நானும் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை கோயிலில் அன்னதானம். கமலா அக்கா நேராக மாமாவிடமே வந்து, உங்கள் மருமகளைப் போன வாரம் இறால் கடையில் பார்த்தேன், ஏதோ மீனுக்கு என்று சொன்னாள் என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். நான் மாமாவை நம்பி நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் திரும்பி வந்துவிடும்.

மாமா யோசித்தார்.

"மீனு எங்கம்மா சாப்பிடுது," என்றார். "எட்டு இறால். ஒன்னுகூட மிச்சம் வைக்கல இவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். என் கணவர் திகைத்துப் போய், விஷயத்தை விளக்க வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

இன்றுவரை எங்கள் வீட்டில் புரட்டாசிச் சோறு பரிமாறும்போதெல்லாம், இவளுக்கு இறால் தனியாக எடுத்து வைத்தாயிற்றா என்று மாமா கேட்காமல் இலையில் கை வைப்பதில்லை. ஒன்பது வருடமாகக் கோயிலில் பிரசாதக் கரண்டியை யாரும் என் கையில் கொடுத்ததுமில்லை. நானும் கேட்கவில்லை.